ஏழு மணி நம்பர்

தினமும் காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு பேர் அண்ணாந்து பார்த்தபடி வாய் பேசாமல் நின்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? விஜிக்கு இருந்தது. அந்த இருபத்திரண்டு பேரும் பார்த்தது அவளை அல்ல, அவளுடைய பெட்டி காட்டும் நம்பரை. அது அவளுக்கு இன்னும் வசதி.

மேலப்புங்கம்பட்டி பால் சொசைட்டியின் வாசலுக்கு மேலே சிவப்பாக நம்பர் எரியும் ஒரு போர்டு இருந்தது. பக்கவாட்டுச் சுவரில் டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். இழுத்த காற்றில் மிதக்கும் பொடித் தூசியை ஒரு சின்ன வெளிச்சம் எண்ணும். எண்ணியது நம்பராகிப் போர்டில் வந்து நிற்கும்.

மாசி பிறந்த அன்று மதுரையிலிருந்து ஜெபராணி மேடம் வந்து அதை மாட்டிவிட்டுப் போனார். மேடம் ஒரு கல்லூரியில் பேராசிரியை. மாசியும் பங்குனியும் கம்பம் பள்ளத்தாக்கில் புகைக் காலம். அறுவடை முடிந்த வயலில் வைக்கோலைக் கொளுத்துவார்கள். மேகமலைச் சரிவில் காடு தானாகவும் எரியும், ஆள் வைத்தும் எரியும். இரண்டு பக்கமும் மலை என்பதால் புகை வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே சுற்றி வரும். அதை அளக்க ஏழு ஊர்களில் ஏழு பெட்டிகள். இந்த ஊரில் கரண்டு போனாலும் பால் மெஷினுக்காக இன்வெர்ட்டர் ஓடும், அதனால் பெட்டிக்கு சொசைட்டிச் சுவர். பெட்டிக்குப் பொறுப்பு, மார்க்கையன்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் விஜி.

விஜி பி.எஸ்சி. பிசிக்ஸ். பாடத்தில் கெட்டி. வாயைத் திறப்பதுதான் அவளுக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. வாய்மொழித் தேர்வில் ஐந்து கேள்விக்கும் விடை தெரிந்தும் ஐந்துக்கும் சும்மா நின்றுவிட்டு வந்தவள். தேனியில் அவள் மாமா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு டீச்சர் வேலை காலியாக இருந்தது. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெட்டி எதிர்க்கேள்வி கேட்காது என்ற ஒரே காரணத்துக்காக இந்த வேலைக்கு வந்தாள்.

ஆனால் மேடம் கொடுத்த தாளில் மூன்று வேலைகள் எழுதியிருந்தன. ஒன்று, பெட்டியைத் துடைப்பது. இரண்டு, தினக்குறிப்பு எழுதுவது. மூன்று, நம்பரின் பொருளை ஊர் மக்களுக்கு விளக்குவது. முதல் இரண்டையும் விஜி அப்பழுக்கில்லாமல் செய்தாள். மூன்றாவதைப் பற்றி அவள் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே அதன் பலன் தெரிந்தது. மூன்று மாடுகளும் ஊருக்கே கேட்கும் தொண்டையும் உடைய அக்கம்மாள் போர்டைப் பார்த்துக் கேட்டாள். "ஏத்தா, இது எத்தன டிகிரி?"

பால் சொசைட்டியில் நம்பர் என்றால் டிகிரி, கொழுப்பு. கூடினால் நல்ல பால். நாற்பது வருடமாக அப்படித்தான்.

"நூத்தி எழுவத்தாறு!" என்றார் சீனிச்சாமி. ஒரு பசுவும், ஒன்பது பசு வைத்திருப்பவரின் நடையும் உள்ளவர். "நம்மூருக் காத்து திடமான காத்துப்பா. சின்னமனூர்ல எத்தனையாம்?"

"அங்கன அறுவதுதானாம்."

"அது தண்ணிக் காத்து."

பின்னால் நின்ற விஜி, கூடினால் கெடுதல் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். மூன்று நாள் இப்படியே போனது. மூன்று நாளும் ஊர் தன் கெட்ட காற்றைப் பற்றிப் பெருமையாகத் திரிந்தது. நான்காம் நாள் அவள் ஒரு சார்ட் எழுதிக் கொண்டுவந்து, கோமாரித் தடுப்பூசி நோட்டீஸ்மேல் ஒட்டினாள். ஐம்பதுக்குள் நல்ல காற்று. நூறு வரை பரவாயில்லை. அதற்கு மேல் இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. இருநூறு தாண்டினால் யாருக்குமே ஆகாது.

சீனிச்சாமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஏமாந்துபோனார். "அப்பப் பாலுக்கு நேரெதிரா?"

"சுகர் மாதிரின்னு சொல்லு," என்றாள் அக்கம்மாள். "கூடுனா ஆகாது. இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா வெளங்கியிருக்கும்ல, ஏ பெட்டிக்காரப் புள்ள?"

அதற்குப் பிறகுதான் அந்த இருபத்திரண்டு பேர் கூட்டம் தொடங்கியது. ஏழு மணி அடிக்கும்போது எல்லோரும் கேனைக் கீழே வைத்துவிட்டுப் போர்டையே பார்ப்பார்கள். ஒருவர் 'ச்ச' என்பார். ஒருவர் தொடையைத் தட்டுவார். விஜி தன் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சார்ட்டுக்கு இவ்வளவு சக்தியா? அன்றைக்கே மேடத்துக்கு எழுதிப் போட்டாள். 'காற்றின் தரம் குறித்து மக்களிடம் ஆர்வம் மிக அதிகம்.'

பத்தாம் நாள் அந்த ஆர்வத்தின் குட்டு உடைந்தது.

"நூத்தி நாப்பத்தொம்போது! நான் நூத்தி அம்பத்தொண்ணு சொன்னேன்லே! நகருங்க நகருங்க!" என்று அக்கம்மாள் கேனைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் முட்டித் தள்ளி முன்னால் போனாள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. வாசல் சுவரில் சாக்பீஸால் வரிசையாகப் பெயர், பெயருக்கு நேரே ஒரு நம்பர். லிட்டர் கணக்கு என்று விஜி இதுவரை நினைத்திருந்தாள். நூற்றி ஐம்பது லிட்டர் கறக்கும் மாடு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம்.

சொசைட்டி செக்ரட்டரி சுந்தரலிங்கம் எந்த ஒளிவும் இல்லாமல் விளக்கம் சொன்னார்.

"நானும் எத்தன வருசமாத்தான் செருப்புக்கும் செங்கல்லுக்கும் பஞ்சாயத்துப் பண்றது? விடியிறதுக்கு முன்னாடியே பிஞ்ச செருப்பக் கொண்டாந்து வரிசையில போட்டுட்டுப் போயிர்றாக. செருப்பு நிக்கிது, ஆளக் காணோம். எஞ் செருப்பு முந்தி, ஓஞ் செருப்பு முந்தின்னு அடிதடி. இப்ப அந்தக் கதையே இல்ல. சாயங்காலம் பால் ஊத்தையில ஆளுக்கொரு நம்பர் சொல்லணும். காலையில ஏழு மணிக்கு யாரு நம்பர் பக்கத்துல வருதோ அவுகதான் மொத ஆளு. அடுத்துப் பக்கத்துல வந்தவுக ரெண்டாவது. இதுல எவனும் கை வைக்க முடியாது பாரு. ஆண்டவன் கையில இருக்கு."

விஜி ஸ்கூட்டியில் வீடு போகும் வழியெல்லாம் காது சிவந்திருந்தது. மேடத்துக்கு வேறு கடிதம் எழுதலாமா என்று யோசித்தாள். 'ஆர்வம் மிக அதிகம்' என்பதில் பொய் எதுவும் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு விட்டுவிட்டாள்.

ஆண்டவன் கையில் அந்த நம்பர் மொத்தம் பதினோரு நாள்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆறு ஐம்பத்தைந்துக்கு நூற்றி அறுபதாக இருந்த நம்பர், ஏழுக்கு நானூற்றிப் பத்து. ஏழு பத்துக்கு மறுபடி நூற்றி அறுபது. போனில் வரைபடத்தைப் பார்த்தால் சமதரையில் யாரோ ஒரு பனைமரத்தை நட்டு வைத்த மாதிரி இருந்தது. மறுநாளும் பனைமரம். அதற்கு மறுநாள் பள்ளம், வெறும் பன்னிரண்டு. மலை உச்சியில்கூட அந்த நம்பர் வராது.

அன்றைக்கு மதியம் மேடம் போன் செய்தார். "விஜி, உங்க ஊர்ல காலையில ஏழு மணிக்கு மட்டும் அப்படி என்னதான் நடக்குது?"

"மேடம்... அது... பாக்குறேன் மேடம்."

"பாருங்க. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில நானே வர்றேன். இப்படியே இருந்தா அந்தக் கணக்கை ஆய்வுல சேர்க்க முடியாது. பெட்டியைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அங்க ஆள் இருக்காங்க. உங்களுக்கு வேலை இருக்காது. வருத்தமா இருக்கு, முன்னாடியே சொல்லிடுறேன்."

போனை வைத்ததும் விஜியின் கண்முன் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்," என்றது.

மறுநாள் ஆறரைக்கே வந்து சொசைட்டிக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். பெட்டிக்கு நேர் கீழே சீனிச்சாமி குந்தியிருந்தார். முன்னால் ஒரு மண்சட்டி. அதில் காய்ந்த சாண எருவாட்டியும் பச்சை வேப்பிலையும் புகைந்துகொண்டிருந்தன. மாட்டுத் தொழுவத்தில் கொசுவுக்குப் போடும் மூட்டம். ஒரு கையால் சட்டியைப் பிடித்து, மறு கையால் தோள் துண்டை வீசிப் புகையைப் பெட்டிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"கொசு பாப்பா," என்றார் அவளைப் பார்த்ததும். "சரியான கொசு."

அங்கே மாடும் இல்லை, தொழுவமும் இல்லை. விஜி அதைச் சொல்லவில்லை. சொல்வதற்குள் மறுபக்கத்திலிருந்து அக்கம்மாள் ஏணியோடு வந்தாள். அவள் கையில் நனைத்துப் பிழிந்த துண்டு. பன்னிரண்டு வந்த வழி அது. பெட்டியின் மூக்கில் ஈரத் துணி போட்டால் தூசி எப்படி உள்ளே போகும்?

"ஏ சீனி! சட்டிய எடுறா! கள்ளப் பய!"

"நீ மட்டும் துண்டு போடலாமாக்கும்?"

"பெட்டிக்கு வேர்க்குதுன்னு தொடைக்க வந்தேன்!"

விஜி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேச வேண்டும். பேசினால் தீர்ந்துவிடும். ஆனால் வாய் ஒத்துழைக்கவில்லை. நேரே உள்ளே போய் ஒரு தாளில் எழுதி செக்ரட்டரி மேசைமேல் வைத்தாள்.

'பெட்டியைப் பக்கத்து மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிமேல் மாற்ற வேண்டும். இப்படியே விட்டால் வெள்ளிக்கிழமை பெட்டி ஊரைவிட்டுப் போய்விடும். அப்புறம் வரிசைக்குப் பழையபடி செருப்புதான்.'

சுந்தரலிங்கம் படித்தார். 'செருப்பு' என்ற இடத்தில் அவர் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. மறுபேச்சு இல்லாமல் தொட்டி ஏணியின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

விஜிக்குப் பேசத்தான் பயம், ஏறுவதற்கு இல்லை. நாற்பது அடி உயரத் தொட்டிக்குத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி, கைப்பிடிக் கம்பியில் பெட்டியைக் கட்டி, ஒயரைக் கீழே விட்டாள். இடமும் உயரமும் மாறிய நேரத்தைத் தினக்குறிப்பில் நிமிடம் உட்பட எழுதினாள். இறங்கி வந்து ஏணிக்கதவைப் பூட்டினாள்.

பூட்டு போட்டாயிற்று. ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்த சீனிச்சாமியின் கண், ஒரு பனை உயர மூங்கிலையும் ஒரு சட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். பூட்டு மட்டும் போதாது. கை வைக்காமலே நம்பரை முன்கூட்டிக் கணிக்கலாம் என்று இவர்கள் நம்ப வேண்டும்.

அன்று சாயங்காலம் எல்லோரும் நம்பர் சொல்லி முடித்தபின், விஜி சாக்பீஸை எடுத்துச் சுவரில் கடைசியாக எழுதினாள். விஜி - 168.

மறுநாள் ஏழுக்கு 167.

அடுத்த நாள் 'விஜி - 121' என்று எழுதினாள். வந்தது 124. அதற்கும் அடுத்த நாள் 190 என்று எழுதி, 190 வந்ததும் சொசைட்டியில் ஒரே முணுமுணுப்பு.

சீனிச்சாமி கேனைத் தொப்பென்று வைத்தார். "இது அநியாயம்! பெட்டி இவ கையில, சாவியும் இவ கையில. இவளே நம்பர வச்சிட்டு இவளே எழுதுறா. பால் ஊத்தாத புள்ளைக்கு இங்கன என்ன நம்பரு?"

"ஆமா, சொல்லு," என்றது கூட்டம்.

திருட்டுப் பட்டம் என்று வந்தபோது விஜியின் வாய் தன்னை மறந்து திறந்துகொண்டது.

"நான் வைக்கல. நேத்து சாயங்காலம் நீங்களும் பாத்திருக்கலாம். வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. மேகம் இல்லாட்டி ராத்திரி நல்லாக் குளுரும். குளுந்த காத்து கனம். கீழ வந்து படுத்துக்கிரும். அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து, பால் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. அடுப்புப் புகை, மலைப் புகை எல்லாம் மூடிக்குள்ள மாட்டிக்கிரும். வெயில் வந்தாத்தான் மூடி தெறக்கும். அதான் காலையில கூடுதலா இருக்கு. முந்தாநாள் மேகம் இருந்துச்சு, காத்தும் அடிச்சுச்சு. அதான் கொறைவா எழுதுனேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இந்தப் புள்ளைக்குக் குரல் உண்டா என்ற அதிசயம் ஒரு பக்கம், விஷயம் ஒரு பக்கம்.

"பனி பேஞ்சா?" என்று அக்கம்மாள் கேட்டாள்.

"பனி எறங்குனாலும் நம்பர் ஏறும். பெட்டிக்குத் தூசியும் தெரியாது, பனித்துளியும் தெரியாது. ரெண்டையும் ஒண்ணா எண்ணிரும்."

"அப்ப அதுல பாதி தண்ணின்னு சொல்லு. நம்ம சீனி பால் மாதிரி."

சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. சீனிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. விஜி அந்த ஐந்து நிமிடத்தில், தான் என்ன செய்தோம் என்று உணர்ந்து, காது சிவந்து, பெட்டியைப் பார்க்கப் போவதாக முனகிவிட்டுத் தொட்டிமேல் ஏறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து மேலப்புங்கம்பட்டியின் கழுத்து வேறு பக்கம் திரும்பியது. பால் ஊற்ற வந்தவர்கள் மலையைப் பார்த்தார்கள். புகை நேரே எழுகிறதா, சாய்கிறதா? மேகம் எந்தப் பக்கம்? யார் வயலில் அறுவடை மெஷின் நிற்கிறது? மூங்கிலும் சட்டியும் மறந்துபோயின. வரைபடத்தில் பனைமரம் முளைக்கவில்லை. விஜி நாட்களை எண்ணினாள். புதன் வந்தது. வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள். பெட்டி பிழைத்துவிடும்.

வியாழன் சாயங்காலம், சொசைட்டிக்குப் பின்னால் இருக்கும் வீரபாண்டியின் மூன்று ஏக்கரில் அறுவடை முடிந்தது. வீரபாண்டிக்கு மாடு கிடையாது. மெஷின் துப்பிப்போன வைக்கோல் வயல் முழுக்க வரி வரியாகக் கிடந்தது. "விடியக்காலம் கொளுத்திருவேன். ஒழவு ஓட்டணும்," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்குத் தெரிந்த ஊர் இப்போது. சுவரில் நம்பர்கள் எகிறின. சீனிச்சாமி 340. மற்றவர்கள் இருநூற்றி எண்பதுக்குக் குறையவில்லை. விஜி மேகத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, மூன்று ஏக்கர் வைக்கோலையும் மனசுக்குள் எரித்துப் பார்த்து 310 என்று எழுதினாள்.

அக்கம்மாள் மட்டும் தொண்ணூறு என்றாள்.

"தொண்ணூறா?" செக்ரட்டரியின் சாக்பீஸ் நின்றது. "அக்கம்மா, நெசமாத்தான் சொல்றியா?"

"காது கேக்கலையா? தொண்ணூறு. எழுதுங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு விஜி வந்தபோது, வீரபாண்டி வயலில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி நின்றது. அக்கம்மாளும், அவள் மகளும், மதினிமார் நான்கு பேரும் வைக்கோலை வாரிச் சுருட்டிக் கட்டி வண்டியில் எறிந்துகொண்டிருந்தார்கள். பாதி வயல் காலி. மீதிப் பாதியின் வரப்பில் வீரபாண்டி கையில் தீப்பெட்டியோடு நின்றார். அவர் காதருகே சீனிச்சாமி.

"மணி ஆறேகால் ஆகப்போகுது வீரபாண்டி. இப்பக் கொளுத்துனாத்தான் ஏழுக்குப் பெட்டிக்குப் போய்ச் சேரும். பொறவு கொளுத்தி என்ன பிரயோசனம்?"

"ஏ சீனி!" வயலின் மறு கோடியிலிருந்து தொண்டை வந்தது. "ஒன் பசு திங்கிறது வைக்கோலா, நம்பரா? இங்கிட்டு வந்து ரெண்டு கட்டுத் தூக்குனா ஒனக்கும் தருவேன்ல!"

வீரபாண்டி எந்தப் பக்கமும் சாயாத மனிதர். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. நெலம் காலியாகணும், அம்புட்டுத்தான். இந்தா, பெட்டிக்காரப் புள்ளையே வந்துருச்சு. நீ சொல்லு பாப்பா. கொளுத்தவா, வேணாமா?"

விஜி தீப்பெட்டியைப் பார்த்தாள். அளப்பவள் குறுக்கே போகக்கூடாது என்று படித்திருக்கிறாள். எரித்தால் உண்மையான புகை, உண்மையான நம்பர். மேடம் கண்முன்னால் 310 வந்து நிற்கும், சுவரில் தன் பெயருக்கு நேரே. அந்த ஆசையும் கொஞ்சம் இருந்தது. ஆனால் தொண்ணூறு என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்காமல் அந்தத் தொண்ணூறைக் கையால் வாரிக் கட்டிக்கொண்டிருக்கிற ஆறு பெண்களைப் பார்த்தாள்.

"வேணாண்ணே," என்றாள்.

அந்த ஒரு சொல்தான். பிறகு அவளும் வயலில் இறங்கி ஒரு கட்டைத் தூக்கினாள்.

ஏழு மணிக்குப் போர்டில் 94. அக்கம்மாள் கேனை ஆட்டி ஆட்டிக்கொண்டு முதலில் போனாள். சீனிச்சாமி இருபத்திரண்டாவது.

பத்து நிமிடத்தில் மேடத்தின் கார் வந்தது. மேடம் வரைபடத்தைப் பார்த்தார், தினக்குறிப்பைப் பார்த்தார், தொட்டியை அண்ணாந்து பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு சுவரைப் பார்த்தார்.

"இது என்ன விஜி? எல்லாரும் முந்நூறு, முந்நூத்தி நாப்பது. ஒருத்தங்க மட்டும் தொண்ணூறு. உங்க தலையில ஏன் வைக்கோல் இருக்கு?"

மறைக்க வழியில்லை. விஜி வரிசையை, செருப்பை, சட்டியை, துண்டை, எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"அதாவது, முதல்ல பெட்டியை ஏமாத்தினாங்க," என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"இப்ப?"

"இப்பக் காத்தையே மேடம்."

மேடம் சத்தமாகச் சிரித்துவிட்டார். செக்ரட்டரி காய்ச்சிய பால் கொண்டுவந்து வைத்தார். பெட்டி இங்கேயே இன்னும் ஆறு மாதம் இருக்கலாம் என்ற தாளை மேடம் மேசைமேல் விரித்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். ஒன்பதரை ஆகியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குப் பேனா வந்தபோது செக்ரட்டரி தும்மினார்.

பிறகு விஜி இருமினாள்.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார்கள். போர்டில் 112. பார்க்கப் பார்க்க 187. பின்னால் வீரபாண்டி வயலில், வாராமல் கிடந்த மீதி வைக்கோலும் நெல் அடித்தாளும் சேர்ந்து திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தன. வீரபாண்டி வரப்பில் நிம்மதியாக நின்று கையசைத்தார்.

"ஏழு மணி முடிஞ்சிருச்சுல்ல பாப்பா!"

போர்டு 286 என்றது.

மேடம் பேனாவை மூடினார். "ஏழு மணிக்கு மட்டும் சுத்தமா இருக்கிற ஊரு. இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது விஜி?"

"காலையிலயே அவர்கிட்ட வேணாம்னு சொன்னேன் மேடம்," என்றாள் விஜி.

"அவர் மேல தப்பு இல்ல. வேணாம்னு சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"மூணாவது வேலை என்ன ஆச்சு?"

"சார்ட் ஒட்டுனேன் மேடம்."

"சார்ட்டைப் பார்த்தேன். எழுத்து அழகா இருக்கு." மேடம் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சாயங்காலப் பால் வரைக்கும் இருக்கேன். நீங்க பேசுங்க. பேசிட்டா இந்தத் தாள் இங்க இருக்கும். இல்லேன்னா பெட்டியும் தாளும் என்னோட மதுரைக்கு வரும்."

அந்தப் பகல் முழுக்க விஜி ஒன்றும் சாப்பிடவில்லை. ஐந்து மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. செக்ரட்டரி ஒரு பழைய பால் கேனைக் கவிழ்த்துப் போட்டார். விஜி ஏறினாள். தண்ணீர்த் தொட்டி நாற்பது அடி. இந்தக் கேன் இரண்டடிகூட இல்லை. கால் இங்கேதான் நடுங்கியது.

"எல்லாருக்கும்..." என்று தொடங்கி, வணக்கத்தை விழுங்கிவிட்டாள்.

"சத்தமா ஆத்தா! மாட்டுக்குக்கூடக் கேக்கல!" என்றது அக்கம்மாளின் தொண்டை.

விஜி கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே இருந்த பெரிய பால் தொட்டியைப் பார்த்தாள். சட்டென்று வழி கிடைத்தது.

"உங்க வீட்டுப் பால் ஒரு சொம்பு நல்ல பால்னு வைங்க," என்றாள். "அத மட்டும் மெஷின்ல காட்டிட்டு, மீதியெல்லாம் தண்ணிப் பால ஊத்தினா விடுவாகளா?"

எல்லோரும் சீனிச்சாமியைப் பார்த்தார்கள்.

"ஏன்ப்பா எதுக்கெடுத்தாலும் என்னையவே பாக்குறீக?"

"விட மாட்டாக," என்று விஜி தொடர்ந்தாள். குரல் அவளே எதிர்பாராத இடத்துக்குப் போய்விட்டது. "பெரிய தொட்டியில எல்லாத்தையும் ஊத்தி, கலக்கி, அப்பறம்தான் லாரிக்காரங்க அளக்குறாக. காத்தும் அப்படித்தான். ஏழு மணி நம்பர்ங்கிறது ஒரு சொம்பு. நாம மூச்சு விடுறது ஒரு சொம்பு இல்ல, தொட்டி முழுக்க. ராத்திரி, பகல், தூங்கையில, மாடு கறக்கையில, எல்லாம். அதனால நாளையில இருந்து ஏழு மணி நம்பர் கெடையாது. இன்னைக்குக் காலையில ஏழுல இருந்து நாளைக்குக் காலையில ஏழு வரைக்கும், இருபத்தி நாலு மணி நேரத்துக்கும் சேத்துச் சராசரி. அந்த நம்பரத்தான் போர்டுல போடுவேன். அதுக்குத்தான் வரிசை."

கூட்டத்தில் சிலர் விரல் விட்டு எண்ணினார்கள்.

வீரபாண்டி கையைத் தூக்கினார். "அப்பப் பத்து மணிக்குக் கொளுத்துனாலும் தெரியுமா?"

"தெரியும்ணே."

"மத்தியானம் மூணு மணிக்கு?"

"தெரியும்ணே."

"ராத்திரி எல்லாரும் தூங்குன பொறவு?"

"தெரியும்ணே."

"அப்ப எப்பத்தான் பாப்பா கொளுத்துறது?"

விஜி வாயைத் திறப்பதற்குள் அக்கம்மாள் வெடித்தாள். "யோவ், கொளுத்தாதன்னுதான்யா அந்தப் புள்ள இம்புட்டு நேரமா கேன் மேல நின்னு கத்துது! வைக்கோல நாங்க வாரிக்கிர்றோம்யா, மாடு திங்கட்டும்!"

வீரபாண்டிக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? காலையில வேணாம்னுச்சு. சரி, காலையிலதான் வேணாம்போலன்னு நெனச்சேன். மனுசன்கிட்ட வெளக்கமாச் சொன்னாத்தான தெரியும்?"

"ஆமாண்ணே," என்றாள் விஜி. "இனிமே சொல்றேன்."

மேடம் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு செக்ரட்டரியிடம் கொடுத்தார். பிறகு அதே கையை நீட்டி, "அந்தச் சாக்பீஸைக் குடுங்க," என்றார்.

சுந்தரலிங்கம் தயங்கினார். "மேடம், தப்பா நெனைக்கக் கூடாது. பால் ஊத்துறவுகளுக்குத்தான் நம்பரு."

"வரிசை வேணாம். நம்பர் மட்டும்."

ஜெபராணி - 160 என்று மேடம் எழுதினார். காலையில் எரிந்த தீயையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று விஜிக்குப் புரிந்தது. சீனிச்சாமி அதை எட்டிப் பார்த்துவிட்டு 161 என்றார். அக்கம்மாள் மலையை, மேகத்தை, சீனிச்சாமியை வரிசையாக முறைத்துவிட்டு 145 என்றாள்.

கடைசியில் வீரபாண்டி முன்னால் வந்தார். "எனக்கு மாடு இல்ல. இருந்தாலும் நானும் ஒரு நம்பர் சொல்றேனே."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வயலில் அவருக்கு இன்னும் இரண்டு ஏக்கர் நெல் அறுவடைக்கு நிற்பது எல்லோருக்கும் தெரியும்.

அக்கம்மாள் அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

"மொதல்ல தீப்பெட்டியக் குடுங்க."

வீரபாண்டி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். விஜி கேனிலிருந்து இறங்கி வந்து செக்ரட்டரி கையிலிருந்த சாக்பீஸை வாங்கி அவரிடம் கொடுத்தாள்.